மூடுபனியில் ஆட்டோ மோடை நம்பாதீர்கள்: வீடியோ கேமராவின் அடிப்படை அமைப்புகள்

சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. லேடீஸ் சீட்டில் நின்று பாருங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒரு வெளிச்சம். மூடுபனி ஏறும், விலகும், சட்டென்று வெயில் அடிக்கும். கேமராவை ஆட்டோ மோடில் விட்டால் ஒரே ஷாட்டுக்குள் படம் வெளுக்கும், இருளும், நீலமாகும், மஞ்சளாகும். எடிட்டிங்கில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. அதனால் முதல் நாளே மேனுவலுக்கு, அதாவது அமைப்புகளை நாமே கையால் வைப்பதற்கு, பழகிவிடுங்கள். மெனுவில் எவ்வளவோ இருக்கும். முதலில் தெரிய வேண்டியவை ஐந்தாறுதான். கீழே உள்ள வரிசையிலேயே மாற்றுங்கள்.

1. ஃப்ரேம் ரேட்

நொடிக்கு எத்தனை படங்கள் என்பது இது. 25 வையுங்கள். கிளியூர் அருவியை ஸ்லோமோஷனில் காட்ட வேண்டும் என்றால் அந்த ஷாட்டுக்கு மட்டும் 50.

2. ஷட்டர்

ஒவ்வொரு படத்துக்கும் எவ்வளவு நேரம் வெளிச்சம் விழுகிறது என்பது இது, நொடியின் பின்னத்தில். பின்னத்தின் கீழ் எண் ஃப்ரேம் ரேட்டின் இரு மடங்கு என்பது பொது விதி. 25 என்றால் 1/50, 50 என்றால் 1/100. அப்போதுதான் நடப்பவரின் கை அசைவு கண்ணுக்கு இயல்பாகத் தெரியும். 1/1000 வைத்தால் அசைவு வெட்டி வெட்டி வரும்.

நம் ஊரில் 1/50 வைக்க இன்னொரு காரணமும் உண்டு. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல டியூப் லைட்டுகளும் மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 1/50இல் ஒவ்வொரு ஃப்ரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழும். சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவசரத்தில் 1/80 வைத்து எடுத்துவிட்டேன். முகூர்த்தம் முழுக்க, படத்தில் இருண்ட பட்டைகள் ஓடின. தாலி கட்டும் காட்சியைத் திரும்ப எடுக்க முடியுமா? அன்றிலிருந்து விளக்கு வெளிச்சத்தில் 1/50 அல்லது 1/100 தவிர வேறு எதையும் வைப்பதில்லை.

3. ஒயிட் பேலன்ஸ்

வெள்ளை வெள்ளையாகவே தெரிய, வெளிச்சத்தின் நிறத்தைக் கேமராவுக்குச் சொல்வது இது. அளவு கெல்வினில். வெயிலுக்கு 5600 கெல்வின், மேகமூட்டத்துக்கு 6500, பழைய குண்டு பல்புக்கு ஏறக்குறைய 2800. கேமராவில் எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சள் பக்கம் போகும். காப்பித் தோட்டத்துக்குள் மட்டும் இந்த எண்கள் போதாது. சில்வர் ஓக் நிழலும் காப்பி இலையும் சேர்ந்து முகத்தில் பச்சை ஏற்றிவிடும். அங்கே ஒரு வெள்ளைத் தாளை முகம் இருக்கும் இடத்தில் பிடித்து, கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் எடுங்கள். பத்து நொடி வேலை.

4. அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, என்டி ஃபில்டர்

ஷட்டரைப் பூட்டிவிட்டோம். இனி வெளிச்சத்தை இந்த மூன்றால்தான் ஆள வேண்டும்.

அப்பர்ச்சர் என்பது லென்ஸின் துளை. எஃப் எண் சிறியதானால் துளை பெரிது, வெளிச்சம் அதிகம், பின்னணி மங்கும். ஐஎஸ்ஓ என்பது வரும் சிக்னலைப் பெருக்குவது. கூட்டினால் இருட்டுப் பகுதியில் நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியாக, பொரியும். என்டி ஃபில்டர் என்பது வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உச்சி வெயில், ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50. படம் சரியான வெளிச்சத்தில் வர ஏறக்குறைய எஃப் 22 வேண்டும். உங்களுக்கோ பின்னணி மங்க எஃப் 4 வேண்டும். 22, 16, 11, 8, 5.6, 4 என்று ஐந்து படி. ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் இரட்டிப்பு, ஆக 32 மடங்கு அதிகம். லென்ஸ் முன்னால் என்டி 32 ஃபில்டரை மாட்டினால் சரியாகிவிடும். புதிதாகத் தொடங்குபவர் லென்ஸுக்கு அடுத்து வாங்க வேண்டியது இதைத்தான்.

அப்புறம், பனி. ஃப்ரேம் முழுக்க வெண்பனி இருந்தால் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஏமாந்து அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். மீட்டர் காட்டுவதைவிட ஒரு படி வரை கூட்டி வையுங்கள். வானம் வெறும் வெள்ளையாகிவிடுகிறதா என்று, அதிக வெளிச்சமான இடத்தில் திரையில் தோன்றும் ஸீப்ரா கோடுகளில் பார்த்துக்கொள்ளலாம்.

5. ஃபோகஸ்

பனியில் ஆட்டோ ஃபோகஸ் பிடிமானம் கிடைக்காமல் முன்னும் பின்னும் அலையும். மேனுவலுக்கு மாற்றி, ஒரு மரத்தின் பட்டையைத் திரையில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்யுங்கள்.

6. ஒலி

கேமராவின் ஒலி மீட்டரில் பேச்சின் உச்சம் -12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். 0ஐத் தொட்டால் குரல் கிழிந்துவிடும். பகோடா பாயிண்டில் காற்று அடித்தால் மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை போதாது, ரோமம் வைத்த உறை மாட்டுங்கள். ஹெட்போனில் ஒரு முறை கேட்டுவிட்டு ரெக்கார்ட் பட்டனை அழுத்துங்கள்.