பலகையும் தராசும் போதும்: சாய்தளத்தை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்

லாரியில் 200 லிட்டர் டிரம் ஏற்றுவதைக் கவனித்திருக்கிறீர்களா? யாரும் தூக்குவதில்லை. இரண்டு பலகையைச் சாய்த்துப் போட்டு உருட்டி ஏற்றிவிடுகிறார்கள். அந்தப் பலகைக்குத்தான் பாடப்புத்தகத்தில் சாய்தளம் என்று பெயர். மோட்டார் இல்லை, அசையும் பாகம் இல்லை. ஆனாலும் எளிய இயந்திரங்களில் அதுவும் ஒன்று. எப்படி என்று அளந்தே பார்த்துவிடலாம்.

வேண்டியவை: 120 செ.மீ. நீளப் பலகை, கொஞ்சம் செங்கல், பொம்மை லாரி, 1 லிட்டர் தண்ணீர் பாட்டில், நூல், ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு.

படி 1: பாட்டிலை லாரியில் வைத்துக் கட்டி, தராசில் மாட்டி நேராகத் தூக்குங்கள். 1.2 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: பலகையின் ஒரு முனை தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் நிற்கும்படி செங்கல் அடுக்குங்கள்.

படி 3: லாரியை மேலே இழுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். நூல் பலகைக்கு இணையாகவே போக வேண்டும். வெடுக்கென்று இழுக்காமல், ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். லாரி நகரும்போதே எண்ணைப் பாருங்கள். சில டிஜிட்டல் தராசுகள் முதலில் காட்டிய எண்ணையே பிடித்துக்கொள்ளும். அப்படியானால் ஒவ்வொரு தடவையும் அணைத்துவிட்டுப் போடுங்கள்.

இப்போது கணக்கு. நீளம் 120, உயரம் 30. வகுத்தால் 4. இதுதான் இயந்திர லாபம். 1.2 கிலோவில் நாலில் ஒரு பங்கு, அதாவது 300 கிராம் காட்ட வேண்டும். 30, 40 கிராம் கூடவே காட்டினால் பயப்படாதீர்கள், அது சக்கரத்தின் உராய்வு. (நீளம் என்பது பலகையின் நீளம். தரையில் அளந்துவிட்டு விடை வரவில்லை என்று தலையைச் சொறிய வேண்டாம்.)

லாபம் என்ற பேரைக் கேட்டு ஏமாந்துவிடவும் கூடாது. நேராகத் தூக்கினால் 30 செ.மீ. தூரத்தோடு வேலை முடிந்திருக்கும். இப்போது விசை நாலில் ஒரு பங்கு, தூரம் நாலு மடங்கு. இரண்டையும் பெருக்கினால் அதே வேலைதான். கடன் குறையவில்லை, தவணைதான் சின்னதாகியிருக்கிறது. உராய்வு அதற்கு வட்டி.

படி 4: உயரத்தை 60 செ.மீ. ஆக்குங்கள். இழுவிசை 600 கிராமுக்குக் கொஞ்சம் மேலே போகும்.

படி 5: பலகையைப் பழையபடி 30 செ.மீ. உயரத்துக்கு இறக்குங்கள். லாரியை எடுத்துவிட்டு, பாட்டிலைத் துணிப்பையில் போட்டு இழுங்கள். தராசில் எண் எகிறும். ஆனால் நூலை விட்டால் லாரி போல ஓடிவராது, பை பெரும்பாலும் அப்படியே நிற்கும். உராய்வு ஏறும்போது எதிரி, நிற்கும்போது காவல்காரன்.

அடுத்து, டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள். சக்கர நாற்காலிக்கான சரிவு 1:12-ஐ விடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது விதி. உங்கள் வாசல் 45 செ.மீ. உயரம் என்றால், சரிவு தரையில் 540 செ.மீ. நீள வேண்டும். அவ்வளவு இடம் தெருவில் ஏது? சரிவைப் பாதியில் மடித்துத் திருப்ப வேண்டியதுதான். கொல்லிமலைச் சாலை 70 கொண்டை ஊசி வளைவு போட்டு ஏறுவதும் இதே கணக்கில்தான்.