வீட்டிலேயே பூடுவார் ஷூட்: போட்டோகிராபர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படுக்கையறைச் சூழலில், அந்தரங்க உடையில் ஒருவரை எடுக்கும் போட்டோ ஷூட்தான் பூடுவார் ஷூட். அது கெட்டுப்போனால் அதற்குப் பெரும்பாலும் கேமரா காரணமாக இருக்காது. ஒருவர் தன் படுக்கையறையில், இரவு உடையிலோ உள்ளாடையிலோ உங்கள் முன் நிற்கிறார். ஸ்டூடியோ என்றால், மனசுக்குச் சரிப்படாதபோது உடையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். சொந்த வீட்டில் எங்கே போவார்? கிளம்ப வேண்டியது நீங்கள்தான். அதை வாய்விட்டுச் சொல்லப் பலருக்கும் சங்கடம். இதை மறந்துவிட்டு ஸ்டூடியோவில் நடப்பதுபோல நடந்துகொள்வதுதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் வேர்.

அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். எந்த உடை, எவ்வளவு தெரியலாம், முகம் வரலாமா, அன்று வீட்டில் வேறு யார் இருப்பார்கள், உங்களோடு யார் வருகிறார்கள், எல்லாம் முன்கூட்டியே பேசி எழுத்தில் இருக்க வேண்டும். சொல்லாமல் ஒரு உதவியாளரைக் கூட்டிக்கொண்டு போவது பெரிய தவறு. படத்தில் இருக்கப்போகிறவர், தனக்குத் துணையாக ஒரு தோழி இருக்கட்டும் என்றால் மறுபேச்சே கூடாது. 18 வயது நிறைந்தவர்தானா என்பதையும் ஊகத்தில் விடாமல் உறுதிசெய்யுங்கள்.

சில நேரம் கணவரோ காதலரோ பரிசாக புக் செய்வார். பணம் கொடுப்பவரோடு மட்டும் பேசி முடித்துவிடுவார்கள் சிலர். அது போதாது. படத்தில் இருக்கப்போகிறவரோடு தனியாகப் பேசி, அவருக்கே விருப்பம் இருக்கிறதா என்று அவர் வாயால் கேட்ட பிறகே தேதி குறிக்க வேண்டும்.

படம் எடுக்கக் கொடுத்த சம்மதமும் அதை வெளியிடக் கொடுக்கும் சம்மதமும் வேறு வேறு. ஷூட் நடுவே, அவர் அரைகுறை உடையில் உட்கார்ந்திருக்கும்போது, “இதுல ரெண்டு என் பேஜ்ல போட்டுக்கலாமா?” என்று கேட்பது முறையே இல்லை. அந்த நிலையில் வரும் ‘சரி’யை நான் சம்மதமாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒப்பந்தத்தில் அதற்குத் தனி இடம் விடுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள், கட்டணத்தைக் குறைப்பதாக ஆசை காட்டவும் வேண்டாம்.

அடுத்தது தொடுவது. முடியை ஒதுக்கிவிட, போர்வையை இழுத்துவிட என்று கை தானாக நீளும். நீட்டாதீர்கள். “இடது தோள்ல பட்டை முறுக்கியிருக்கு, சரி பண்ணிக்கோங்க” என்று சொன்னால் அவரே செய்துகொள்வார். போஸ் புரியவில்லை என்றால் நீங்களே தரையில் உட்கார்ந்து செய்து காட்டுங்கள். அதைப் பார்த்து அவர் சிரித்துவிட்டால் அந்தச் சிரிப்பையும் எடுங்கள், அன்றைய நல்ல படங்களில் ஒன்றாக அது அமையக்கூடும்.

வாயும் கையைப் போலத்தான். “வயித்தை உள்ள இழுங்க” என்று ஒருமுறை சொன்னால் போதும், மீதி நேரம் முழுக்க அவர் நினைப்பு வயிற்றில்தான் இருக்கும். அதையே “மூச்சை மெதுவா விடுங்க, இடுப்பைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்புங்க” என்று சொல்லலாம். பாராட்டும்போது உடம்பை விட்டுவிட்டுப் படத்தைப் பற்றிப் பேசுங்கள்: “தோள்ல வெளிச்சம் அழகா விழுது.” ஒன்றுமே பேசாமல் கேமரா திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்குவதும் தவறுதான். நீங்கள் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்பதைப் பார்க்கிறீர்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தான் நன்றாக இல்லை என்றே நினைத்துக்கொள்வார்.

முதல் படமே உள்ளாடையில் வேண்டாம். முழு உடையில், ஜன்னலோரம் சும்மா நிற்பதில் தொடங்குங்கள். இறுக்கமான உடையின் எலாஸ்டிக் தடம் தோலில் பதிந்துவிடும், மறையச் சற்று நேரம் ஆகும். அதனால் ஷூட்டுக்கு ஓரிரு மணி நேரம் முன்பே தளர்வான உடைக்கு மாறச் சொல்லுங்கள். அறை குளிர்ந்தால் தோல் சிலிர்த்துக்கொள்ளும். வேலை செய்யும் உங்களுக்குச் சரியான ஏசி, அசையாமல் கிடக்கும் அவருக்குக் கடுங்குளிர்.

வெளிச்சத்தில் நடக்கும் பொதுவான தவறு, ஜன்னல் ஒளியோடு அறை விளக்கையும் எரியவிடுவது. ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் பகல் வெளிச்சம் சுமார் 5500, மஞ்சள் பல்பு 2700. கன்னத்தின் ஒரு பக்கம் ஆரஞ்சு, மறுபக்கம் நீலம் என்று வந்தால் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை எந்தப் பக்கத்துக்கு வைப்பது? விளக்கை அணைத்துவிடுங்கள். எல்இடியில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறதா என்று பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஷட்டர் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120 வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சுவரின் நிறத்தையும் கவனியுங்கள். பச்சைச் சுவர் பக்கத்தில் இருந்தால் தோலிலும் பச்சை ஏறும்.

85 எம்எம் லென்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. படுத்திருப்பவரைத் தலை முதல் கால் வரை எடுக்க, ஃபுல் ஃப்ரேம் கேமராவில் அந்த லென்ஸுக்கு நான்கு மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும். படுக்கையறையில் அவ்வளவு இடம் ஏது? 50 எம்எம் என்றால் இரண்டரை மீட்டர் போதும். 35 எம்எம்மும் கைகொடுக்கும், ஆனால் நெருங்கிப் போகாதீர்கள்: லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் முட்டி தலையைவிடப் பெரிதாகத் தெரியும்.

கேமராவைத் தூக்குமுன் அறையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சுவரில் குடும்பப் படம், மேஜையில் பெயர் எழுதிய கூரியர் கவர், ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் பெயர்ப்பலகை. முகமே தெரியாத படமும் இவற்றால் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அலமாரிக் கண்ணாடியில் நீங்களும் தெரிவீர்கள். ஆனால் அவர் பொருளை நீங்களாக நகர்த்தாதீர்கள், கேட்டுவிட்டு எடுங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது ஷூட் முடிந்த பிறகு நடக்கும் அலட்சியம். கேமரா ஆப் படங்களைத் தானாகவே போனுக்கு அனுப்ப, போன் அவற்றை கிளவுடுக்கு ஏற்ற, அதே கணக்கில் இருக்கும் வீட்டு டேப்லெட்டில் உங்கள் பிள்ளை அதைப் பார்க்கலாம். ஷூட்டுக்கு முன்பே அந்த இணைப்பை அணைத்துவிடுங்கள். ‘பிஹைண்ட் த சீன்ஸ்’ என்று போனில் எடுக்கவே வேண்டாம். போன் படத்தில் அந்த வீட்டின் ஜிபிஎஸ் இடமும் பதிந்திருக்கலாம். மெமரி கார்டை ஃபார்மட் செய்தாலும் படங்களைத் திரும்ப எடுக்க முடியும். அதனால் அந்தக் கார்டை யாருக்கும் இரவல் தராதீர்கள், விற்காதீர்கள். கம்ப்யூட்டரில் என்க்ரிப்ட் செய்த டிரைவில் வையுங்கள். ஆல்பத்தின் லிங்கை ஒரு வழியில் அனுப்பினால் பாஸ்வேர்டை வேறு வழியில் அனுப்புங்கள்.

எடிட்டிங்கில் கேட்காமல் இடுப்பைக் குறுக்காதீர்கள், தழும்பை அழிக்காதீர்கள். எதைத் தொடலாம், எதை விடலாம் என்று படம் தேர்வு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். உங்களிடம் இருக்கும் பிரதிகளை எந்தத் தேதியில் அழிப்பீர்கள் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அந்த நாளில் பேக்கப் உட்பட எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று அவருக்கு ஒரு வரி எழுதுங்கள்.