மழையை வானிலிருந்தும் அளக்கலாம், வாசலிலும் அளக்கலாம்

காரைக்குடியில் கொட்டித் தீர்த்த மழை பக்கத்துக் கோட்டையூரில் தூறலாகக்கூட விழாத நாள்கள் உண்டு. நாசாவும் ஜப்பானின் விண்வெளி அமைப்பான ஜாக்சாவும் 2014இல் ஏவிய, மழையை அளக்கும் ஜி.பி.எம். செயற்கைக்கோளை மையமாகக் கொண்ட மழை வரைபடம் இணையத்தில் இலவசம். அரை மணிக்கு ஒரு படம். மழைமானியே இல்லாத நடுக்கடல் மழையையும் காட்டும், அருமையான வசதி! படத்தில் இருப்பது உலகப் பொது நேரம் (UTC); நம் நேரத்துக்கு அதனுடன் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வரைபடத்தின் ஒரு கட்டம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் அகலம். இரண்டு ஊரும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம்.

ஆகவே, அடியும் வாயும் ஒரே அகலமுள்ள டப்பா ஒன்றை வெட்டவெளியில் வையுங்கள். வீட்டுக்குள் திறந்திருக்கும் வளவு முற்றம் வேண்டாம். நாற்புறத்து ஓட்டுத் தண்ணீரும் அங்கேதான் இறங்கும். தினமும் காலை 8.30க்கு ஸ்கேலை விட்டு அளந்து, நாட்காட்டியிலேயே குறியுங்கள். 20 மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 20 லிட்டர்.