அடுப்பைப் பற்றவைக்கும் முன்: ஒரு செய்முறையை எடைபோடுவது எப்படி

வீட்டுச் சமையலுக்கான செய்முறைகளுக்கு இன்று பஞ்சமே இல்லை. ஆனாலும், வேலை முடிந்து களைத்து வந்த ஒருவர் உடம்புக்கு நல்லதும், செய்வதற்கு எளியதும், கைக்காசுக்கு அடக்கமானதுமான ஒன்றைத் தேடி உட்கார்ந்தால், நூறு குறிப்புகளைப் புரட்டிய பிறகும் வெறுங்கையோடு எழுந்திருப்பதுண்டு. நாம் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் செய்முறையைத் தேர்ந்தெடுக்கிறோம். சத்து, உழைப்பு, செலவு ஆகிய மூன்றைப் பற்றியும் உண்மையைச் சொல்வது, படத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் பொருள் பட்டியலும் அளவுகளும்தான். பேனாவும் தாளுமாக ஐந்து நிமிடம் செலவிட்டால் அந்தப் பட்டியலைப் படிக்கப் பழகிவிடலாம்; படிக்கத் தெரிந்துவிட்டால் தேடும் நேரம் தானாகவே குறைந்துவிடும்.

தேடலை உணவின் பெயரிலிருந்து தொடங்குவதைவிட, வீட்டில் இருக்கும் பொருளிலிருந்து தொடங்குவது நல்லது. எது முதலில் வாடிவிடும், எது முதலில் கெட்டுப்போகும் என்று பார்த்து, அந்தப் பொருளோடு அலமாரியில் எப்போதும் இருக்கும் ஒன்றையும், நமக்குக் கிடைக்கும் நேரத்தையும் சேர்த்துத் தேட வேண்டும். 'கீரை, கொண்டைக்கடலை, ஒரே பாத்திரம், அரை மணி நேரம்' என்று தேடுபவருக்குக் கிடைக்கும் விடைகள், 'ஆரோக்கியமான இரவு உணவு' என்று தேடுபவருக்குக் கிடைப்பவற்றைவிடப் பயனுள்ளவையாக இருக்கும். 'ஆரோக்கியமான' என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் தலைப்பில் வைக்கலாம். அதற்கு எந்த அளவுகோலும் கிடையாது. பொதுச் சுகாதாரத் துறைகளும், இதய நோய், நீரிழிவு ஆகியவற்றுக்கான அமைப்புகளும் வெளியிடும் செய்முறைகளில், ஒருவருக்கான உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவற்றின் அளவு பெரும்பாலும் குறிப்பிடப்பட்டிருக்கும் என்பதால், புதிதாகச் சமைக்கத் தொடங்குபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

இனி, ஒரு செய்முறையை எப்படி எடைபோடுவது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். நான்கு பேருக்கான கொண்டைக்கடலைக் கீரைக் குழம்பு ஒன்றுக்கு, 250 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலை, 200 கிராம் வெங்காயம், 300 கிராம் தக்காளி, 200 கிராம் கீரை, 6 மேசைக்கரண்டி எண்ணெய், 2 தேக்கரண்டி தூள் உப்பு என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் காய்கறிகளைக் கூட்டினால் மொத்தம் 700 கிராம், அதாவது ஆளுக்கு 175 கிராம் வருகிறது. பழமும் காய்கறியுமாக நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் சாப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. உருளைக்கிழங்கு போன்ற மாவுக் கிழங்குகள் இந்தக் கணக்கில் சேரா. ஒரே வேளையில் அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கிடைத்துவிடுவதால், இந்தச் செய்முறை இந்த இடத்தில் தேறிவிடுகிறது. கொண்டைக்கடலையிலிருந்து ஆளுக்கு ஏறக்குறைய 12 கிராம் புரதமும் கிடைக்கிறது. தக்காளியில் உள்ள வைட்டமின் சி, கடலையிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்ள உதவுகிறது என்பது கூடுதல் நன்மை.

அடுத்து எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கிலோகலோரி உண்டு என்பதால், ஆறு கரண்டிக்கு 720 ஆகி, ஆளுக்கு 180 வருகிறது. வெங்காயம் வதங்குவதற்கு இரண்டு கரண்டி போதும். பாத்திரத்தில் ஒட்டினால் ஒரு கை தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம். அப்படிக் குறைத்தால் ஆளுக்கு 60 கிலோகலோரிதான் ஆகிறது, எண்ணெய்ச் செலவும் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. கடைசியாக உப்பு. ஒரு தேக்கரண்டி தூள் உப்பு ஏறக்குறைய 6 கிராம் இருக்கும். இரண்டு கரண்டி என்றால் ஆளுக்கு 3 கிராம். பெரியவர்களுக்கு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு என்னும்போது, இந்த ஒரே உணவு அதில் பாதிக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரு தேக்கரண்டியோடு நிறுத்தி, இறக்கும்போது எலுமிச்சைச் சாறு பிழிந்தால், புளிப்பு அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். மொத்தத்தில் இது நல்ல செய்முறை. இரண்டே இடங்களில் திருத்தினால் போதும். இந்தக் கணக்கைப் போடாமல் இருந்திருந்தால், இதை அப்படியே சமைத்திருப்போம், அல்லது காரணம் புரியாமல் ஒதுக்கியிருப்போம்.

அளவுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். 'ஒரு கப்' என்பது எல்லா நாட்டிலும் ஒன்றல்ல: அமெரிக்கச் செய்முறையில் அது சுமார் 240 மில்லிலிட்டர், ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200, அங்கு அரிசியை அளக்கும் கப்போ 180. மேசைக்கரண்டி பெரும்பாலும் 15 மில்லிலிட்டர்தான் என்றாலும் ஆஸ்திரேலியாவில் அது 20. கல் உப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை இருப்பதில்லை. எனவே கிராமில் அளவு சொல்லும் செய்முறையையே நான் முதலில் நம்புவேன். ஒரு சிறிய எடைக்கருவி வாங்கும் செலவு, வீணாகும் நான்கைந்து சமையல்களிலேயே திரும்பி வந்துவிடும்.

எளிது என்று சொல்லப்படுவது உண்மையிலேயே எளிதா என்பதை அறிய, செய்முறை முழுவதையும் ஒருமுறை வாசித்து, அதில் உள்ள வினைச்சொற்களை எண்ணிப் பார்க்கலாம். நறுக்கு, அரை, ஊறவை, வடிகட்டு, தனியாக வறு, ஆறவிட்டு அரை என்று நீண்டுகொண்டே போனால், 'இருபது நிமிடம்' என்று மேலே எழுதியிருந்தாலும் அது இருபது நிமிட வேலை ஆகாது. 'பொடியாக நறுக்கிய வெங்காயம்', 'வேகவைத்த கடலை' என்று பொருள் பட்டியலுக்குள்ளேயே மறைந்திருக்கும் உழைப்பையும் நேரத்தோடு கூட்ட வேண்டும். எத்தனை பாத்திரம் கழுவ வேண்டியிருக்கும் என்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. வெங்காயத்தைப் பத்து நிமிடத்தில் ஆழ்ந்த பழுப்பு நிறத்துக்குக் கொண்டுவரச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். அப்படி ஒன்றை நம்பி ஒரு நாள் இரவு நான் சமைக்கத் தொடங்கினேன். வெங்காயம் கண்ணாடி போல் ஆவதற்கே பத்து நிமிடம் பிடித்தது, அவசரத்தில் தீயைக் கூட்டியதும் ஓரங்கள் கருகி, கசப்பு குழம்பு முழுவதிலும் ஏறிவிட்டது, பிள்ளைகள் பசியோடு காத்திருந்து கடைசியில் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுத் தூங்கினார்கள். மெல்லிய தீயில் வெங்காயம் சீராகப் பழுப்பாவதற்கு நாற்பது நிமிடம்கூட ஆகும். அதை நேர்மையாகச் சொல்லும் செய்முறை, மற்ற நேரங்களையும் சமைத்துப் பார்த்தே எழுதியிருக்கும் என்று நம்பலாம்.

செலவைப் பொறுத்தவரை, தட்டில் விழும் செலவு வேறு, கடையில் கொடுக்கும் செலவு வேறு. அரைத் தேக்கரண்டி தேவைப்படும் ஒரு மசாலாவுக்காக முழுப் பொட்டலம் வாங்கினால், தட்டுக்கு அது சில்லறைதான், ஆனால் அன்றைக்குப் பையிலிருந்து போவது முழு விலை. பட்டியலில் நம்மிடம் இல்லாத பொருள்களை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றையும் அடுத்த இரண்டு வாரத்தில் வேறு எதற்காவது பயன்படுத்துவோமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். 'இல்லை' என்ற விடை இரண்டுக்கு மேல் வந்தால், அந்தச் செய்முறை நமக்குக் கட்டுப்படியாகாது. பிறகு, இல்லாத பொருள் அங்கே என்ன வேலை செய்கிறது என்று யோசிக்கலாம். புளிப்புக்காகச் சேர்ப்பதை வேறொரு புளிப்பாலும், குழம்பைக் கெட்டியாக்கச் சேர்ப்பதைக் கொஞ்சம் மசித்த பருப்பாலும் ஈடுசெய்யலாம். உறையவைத்த காய்கறியைத் தாழ்வாக எண்ணத் தேவையில்லை; அது பறித்தவுடன் உறையவைக்கப்படுவதால், பல நாள் கடையில் கிடந்த காயைவிடச் சத்துக் குறைந்தது என்று சொல்வதற்கில்லை. டப்பாவில் அடைத்த கடலையாக இருந்தால், நீரை வடித்து அலசிவிட்டால் உப்பில் ஒரு பகுதி போய்விடும்.

மலிவாகச் சமைப்பவர்கள் பயறு வகைகளையும் மீந்த உணவையும்தான் அதிகம் நம்பியிருக்கிறோம் என்பதால், செய்முறைகள் சொல்லாமல் விட்டுவிடும் இரண்டு விஷயங்களை இங்கே சொல்லியாக வேண்டும். சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் உண்டு. அதை ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு மெத்தென்று ஆகும்வரை வேகவைக்க வேண்டும். குறைந்த வெப்பத்தில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பானையில் அதைப் பச்சையாகப் போடச் சொல்லும் செய்முறையை ஒதுக்கிவிடுங்கள். அடுத்தது, சமைத்த சோறு. அதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்தால், வேகும்போதும் அழியாத நுண்ணுயிர் வித்துகள் முளைத்து நச்சை உண்டாக்கலாம். அந்த நச்சு மீண்டும் சூடாக்கினாலும் போவதில்லை. பரந்த தட்டில் பரப்பி விரைவில் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே சரி.

இத்தனையிலும் தேறிய செய்முறையை மூன்று முறை சமைத்துப் பார்க்கும்படி சொல்வேன். முதல் முறை எண்ணெயையும் உப்பையும் தவிர எதையும் மாற்றாமல் செய்ய வேண்டும். இரண்டாம் முறை ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்ற வேண்டும், அப்போதுதான் எதனால் என்ன ஆயிற்று என்று தெரியும். மூன்றாம் முறை தாளைப் பார்க்காமலே கை போகத் தொடங்கும். ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் நான்கு வரி எழுதுங்கள்: உண்மையில் ஆன நேரம், மாற்றிய அளவு, மீந்தது எவ்வளவு, வீட்டில் இருப்பவர்கள் என்ன சொன்னார்கள். மேலே சொன்ன குழம்புக்கு என் நோட்டில் இப்படி இருக்கிறது: 'கடலை முந்தின இரவே ஊறியது. வெட்ட 15 நிமிடம், அடுப்பில் 40. எண்ணெய் 2 கரண்டி போதும். கீரையைக் கடைசி மூன்று நிமிடத்தில் போடவும். முன்பே போட்டால் கருத்துவிடுகிறது. இரண்டு பங்கு மீந்தது, மறுநாள் ருசி கூடியிருந்தது. சின்னவன் இரண்டாம் முறை கேட்டு வாங்கினான்.' இப்படிப் பத்துப் பக்கம் சேர்ந்தபின், வாரத்தில் பெரும்பாலான நாட்களில் எனக்குத் தேட வேண்டிய தேவையே வருவதில்லை.