தீவிலேயே சினிமா வளர்க்க: தங்கச்சிமடத்திலிருந்து ஒரு கைக்குறிப்பு

சென்னையிலிருந்து யூனிட் வந்து இறங்கினால் எங்கள் ராமேஸ்வரம் தீவில் மூன்று பேரைத் தேடுவார்கள்: படகுக்காரர், சமையல்காரர், வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை ஒதுக்கி நிறுத்துகிறவர். பதினோரு வருடமாக அந்த மூன்றாவது ஆள் நான்தான். பேட்டா கிடைக்கும், நல்ல சாப்பாடும் கிடைக்கும். யூனிட் பாம்பன் பாலம் தாண்டியதும் எல்லாம் முடிந்தது.

கரீபியனில் செயின்ட் வின்சென்ட் என்ற தீவிலும் இதே கதைதான். வல்லிலபு என்ற விரிகுடாவில் ஹாலிவுட்காரர்கள் கடற்கொள்ளையர் படத்துக்குத் துறைமுக செட் போட்டார்கள். 2003-இல் படம் வந்தது. அப்புறம் அந்த செட்டின் மிச்சத்தைச் சுற்றுலாப் பயணிகள் வந்து பார்த்தார்கள். அதே கடலில் டொமினிகன் குடியரசு 2010-இல் சட்டமே போட்டு, அங்கே வந்து செலவழிக்கும் தயாரிப்பாளருக்கு 25 சதவீத வரிச்சலுகை கொடுத்தது. நமக்கு வரி கையில் இல்லை. காற்று தெரியும், அதிலிருந்து தொடங்குவோம்.

தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வாடை என்கிற வடகிழக்குக் காற்று தொடங்கினால் தலைகீழ். கதையில் புயல் கடலும் அமைதியான கடலும் வேண்டுமென்றால் ஒரே வாரத்தில் இரண்டையும் எடுக்கலாம். கரையை மாற்றினால் போதும். இதை ஒரு தாளில் மாதவாரியாக எழுதி வையுங்கள். எந்த புரொடக்‌ஷன் மேனேஜரும் அதற்குக் காசு கொடுப்பார். கூடவே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்று குறித்துக்கொள்ளுங்கள். விசைப்படகுகள் கரையேறி பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும். ஆட்கள் சும்மா இருப்பார்கள், நடிக்கக் கூப்பிடலாம். படகு கடலுக்குப் போகிற காட்சியை மட்டும் அப்போது வைக்காதீர்கள்.

இன்னொன்று: கதையில் பாம்பனின் பழைய ரயில் பாலம் இரண்டாகப் பிளந்து திறப்பதாக இருந்தால் மாற்றிவிடுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம் நடுத்துண்டை அப்படியே மேலே தூக்குகிறது.

நம் பிள்ளைகள் முதலில் கற்க வேண்டியது கேமரா என்று எல்லோரும் சொல்வார்கள். நான் சவுண்ட் என்பேன். தனுஷ்கோடியில் எடுத்த எங்கள் முதல் குறும்படத்தில் ஒரு வசனம்கூடக் கேட்கவில்லை, ‘புஸ்’ என்று காற்றுதான். மைக்குக்குக் காற்றைத் தடுக்கும் ரோமக் கவசம் வாங்குங்கள். பேசும் காட்சியை விடியற்காலையில், காற்று எழும் முன் எடுங்கள். இல்லாவிட்டால் கரையேற்றிய படகின் காற்றுப்படாத பக்கத்தில் உட்கார வையுங்கள். அதே நாள், நடிகர் தொண்டை மாறும் முன், வசனத்தைத் தனியாக ஒருமுறை பதியுங்கள். நாங்கள் அதற்கு மீன் ஏற்றும் கூண்டு வண்டியைப் பிடித்தோம். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் வராது. உள்ளே எதிரொலிக்கும், ஆகவே நான்கு பழைய போர்வைகளைத் தொங்கவிட்டோம். கதாநாயகி மூக்கைப் பிடித்துக்கொண்டே பேசினாள், அதையும் மறுபடி எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அனுமதி விஷயம் சுருக்கமாக. குருசடை உட்பட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா. வனத்துறையிடம் எழுதிக் கேளுங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது, ட்ரோனை விளையாட்டாகக் கிளப்பாதீர்கள். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் இருட்டிய பிறகோ விடியும் முன்போ வேலை என்றால் போலீசிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

காசு விஷயத்தில் வெட்கப்படக் கூடாது. ஒரு கம்பெனி என் மச்சானின் படகை நான்கு நாள் ஓட்டிவிட்டு டீசல் காசைக்கூடக் கொடுக்காமல் கிளம்பிவிட்டது. அதிலிருந்து பாதி அட்வான்ஸ் கைக்கு வந்தால்தான் கயிற்றை அவிழ்ப்போம். டீசல் தனி, படகு வாடகை தனி, ஆள் கூலி தனி என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். அதில் நான்காவது வரியாக, எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரை சவுண்டிலும் கேமராவிலும் உதவியாளராகச் சேர்க்க வேண்டும் என்று போடுங்கள். முதலில் முறைப்பார்கள். படகு வேண்டுமே, ஒத்துக்கொள்வார்கள்.

லென்ஸைக் கடற்கரையில் மாற்றாதீர்கள். ஏசி அறையிலிருந்து எடுத்த கேமராவைப் பையோடு அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள், இல்லையேல் பனி படியும். சாயங்காலம் ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். திருகாணிகளை மறக்க வேண்டாம், உப்பு அங்கேதான் முதலில் ஏறும்.