முதலாண்டு மாணவர்களுக்குப் பலதுறை சமூக அறிவியல்: எங்கிருந்து தொடங்குவது?

முதல் வகுப்பிலேயே பொருளாதாரம் என்றால் இது, சமூகவியல் என்றால் இது என்று வரையறைகளை எழுதிப் போடாதீர்கள், பாதிப் பேர் அப்போதே கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். ஒரு சம்பவத்தைக் கொடுங்கள். 1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த வெப்ப அலையில் 700-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நார்த் லான்டேல், லிட்டில் வில்லேஜ் இரண்டும் அடுத்தடுத்த பகுதிகள், இரண்டிலும் ஏழைகள் அதிகம், தனியாக வாழ்ந்த முதியவர்களும் உண்டு, ஆனால் முதலாவதில் சாவு விகிதம் பல மடங்கு. ஏன்?

வெயில்தான் காரணமென்றால் இரண்டிலும் ஒன்றுபோல் இருந்திருக்க வேண்டுமே என்று யாராவது கேட்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். அப்புறம் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு வேலையும் கடைகளும் அந்தத் தெருக்களை விட்டுப் போனதைப் பார்க்கட்டும், இன்னொன்று முதியவர்கள் யாரோடு பழகினார்கள் என்பதை, மற்றொன்று நகர நிர்வாகம் என்ன செய்தது என்பதை. பதில்கள் மோதும், மோதட்டும். "எல்லாத் துறையும் முக்கியம்தான் சார்" என்று மழுப்புகிறவரை மட்டும் விடாதீர்கள்: எந்தச் சான்று எந்த விளக்கத்தைப் பொய்யாக்குகிறது என்று கேளுங்கள்.

வாசிப்புப் பட்டியல் சின்னதாக இருந்தால் போதும். கூடவே ஓர் அட்டவணை, ஒரு வரைபடம், நேர்காணலில் ஒரு துண்டு.