கொடி ஓயும் நேரத்துத் தவறுகள்

போன வாரம் தோட்ட வேலைக்குக் கைகொடுக்க வந்த இளைஞர் ஒருவர், பூசணியைக் காம்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார். பத்தடி வருவதற்குள் காம்பு பிய்ந்து கையோடு வந்துவிட்டது, காய் மண்ணில் விழுந்தது. "காய்க்கு ஒன்றும் ஆகல" என்று துடைத்துவிட்டு மற்ற காய்களோடு வைத்தார். இந்த வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். அதற்கு நான் கொடுத்த விலை பெரிது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அழுகலைத் தனியே பிரி, மழையில் பறிக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பூசணியை அவசரமாக அறுத்துக் குவிப்பது

தோட்டம் தொடங்கிய இரண்டாம் பருவம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கொடியில் கிடந்த அறுபதுக்கும் மேற்பட்ட காய்களை ஒரே மாலையில் அறுத்தேன். பாதிக்குக் காம்பு இல்லை. மண் ஒட்டியிருந்ததால் தொட்டியில் முக்கிக் கழுவினேன். ஈரம் உலர்வதற்குள் கொட்டகையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து, மேலே சாக்குப் போட்டு மூடினேன். மூன்றாம் வாரம் கொட்டகையைத் திறந்ததும் வாடை முகத்தில் அடித்தது. அடியில் இருந்தவை கூழாகி, மேலே இருந்தவற்றையும் நனைத்திருந்தன. தேறியது இருபதுகூட இல்லை. நான்கு மாத உழைப்பை எருக்குழியில் கொட்டினேன்.

அன்று விதையைத்தான் குறை சொன்னேன். இப்போது புதிதாக வருகிறவர்களும் அதையே சொல்கிறார்கள். கேட்கும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் விதையின்மேல் ஒரு குற்றமும் இல்லை.

இயற்கை முறையில் விளைவிக்கிற நாம், பறித்த காயைப் பூஞ்சைக்கொல்லியில் முக்கி எடுப்பதில்லை. காய்க்கு இருக்கிற காவல் அதன் தோலும் காம்பும்தான். காம்பு பிய்ந்த இடம் திறந்த புண். பூஞ்சை நேராக உள்ளே இறங்கிவிடும். அதனால் கூரான கத்தியால், காயோடு நான்கு விரற்கடை காம்பு நிற்கும்படி அறுக்க வேண்டும். தூக்கும்போது அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும்.

முற்றியதா என்று பார்க்க நிறம் மட்டும் போதாது. நகத்தால் அழுத்துங்கள். நகம் இறங்கினால் அது இளங்காய், சேமிப்புக்கு ஆகாது. காம்பு பச்சையும் சாறும் போய்த் தக்கைபோல் வறண்டிருக்க வேண்டும்.

அறுத்த பிறகுதான் முக்கியமான வேலை: பதப்படுத்துதல். 25 முதல் 29 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், காற்று ஓடும் உலர்ந்த இடத்தில், 10 முதல் 14 நாள் காய்களை ஒன்றையொன்று தொடாமல் பரப்பி வையுங்கள். இந்த நாட்களில் தோல் இறுகும், சிறு கீறல்கள் தக்கைபோல் மூடிக்கொள்ளும், மிகுதி ஈரம் வெளியேறும். பிறகு 10 முதல் 15 டிகிரிக்குள் இருக்கிற உலர்ந்த இடம் கிடைத்தால் மிக நல்லது. இல்லையென்றால், இருப்பதிலேயே குளிர்ந்த, காற்றோட்டமான நிழல். பலகைமேல் ஒரே அடுக்காக வைத்து, வாரம் ஒருமுறை திருப்பி அடியைப் பாருங்கள். முழுக்காயைக் குளிர்பெட்டியில் வைத்துக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். 10 டிகிரிக்குக் கீழே நாள்பட இருந்தால் குளிரே அதைக் கெடுத்துவிடும்.

இதில் சமையலுக்கும் லாபம் உண்டு. பதப்பட்டுச் சில வாரம் இருந்த பூசணியில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறியிருக்கும். அறுத்த அன்றே சமைத்துவிட்டு "இனிப்பே இல்லை" என்பவர்கள் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான். காம்பு போனவை, அடிபட்டவை, நகம் இறங்கியவை மூன்றையும் தனிக்கூடையில் போட்டு அந்த வாரமே சமையுங்கள். இளங்காயில் தண்ணீர் அதிகம். அதில் மேலும் நீர் ஊற்றி வேகவைத்தால் சுவையில்லாத கூழ்தான் மிஞ்சும். அகலமான பாத்திரத்தில், மூடாமல், அதன் நீரிலேயே சுண்ட வதக்குங்கள். வெட்டிய காயில் மீதி வைப்பதானால் விதைக்குழியைச் சுரண்டிவிட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். கெடுதல் பெரும்பாலும் அந்தக் குழியில்தான் தொடங்கும்.

கழுவிச் சேமிப்பது

வேண்டாம். மண்ணைத் தட்டினால் போதும். சமைக்கும்போது கழுவலாம்.

பச்சைத் தக்காளியை வெயிலில் வைப்பது

செடி ஓயும்போது கிடைக்கிற பச்சைக் காய்களை ஜன்னலோரம் வெயிலில் அடுக்குகிறார்கள். பழுக்க வெளிச்சம் தேவையில்லை, மிதமான வெப்பம்தான் வேண்டும். 18 முதல் 21 டிகிரி சரியாக இருக்கும். 30 டிகிரியைத் தாண்டினால் சிவப்பு நிறமி சரியாகப் பிடிக்காமல் மஞ்சளாகவே நின்றுவிடும்.

எல்லாப் பச்சைக்காயும் பழுக்காது. ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விதையைச் சுற்றிக் கொழகொழப்பு இருந்து, விதை கத்திக்கு வெட்டுப்படாமல் நழுவினால், அதே அளவும் வெளிர்பச்சை நிறமும் உள்ள மற்றவை பழுக்கும். விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டால் அதுபோன்ற காய்களைப் பழுக்கவிட்டுக் காத்திருக்காமல் சமைத்துவிடலாம். புளிப்பு தூக்கலாக இருக்கும் என்பதால் வேறு புளிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கசக்கும் சுரைக்காயை வீணாக்க மனமில்லாமல் சமைப்பது

இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. சுரை, வெள்ளரி, பூசணி இனங்களில் வழக்கமில்லாத கசப்பு இருந்தால் அது குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள். கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்தப்போக்கு வரை கொண்டுபோகும். வேகவைத்தாலும் போகாது, உப்பும் சர்க்கரையும் அதை மறைக்குமே தவிர நீக்காது. நீர் இல்லாமல் வாடிய கொடியில் இந்தக் கசப்பு கூடும். நுனியில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காய் முழுவதையும் எறியுங்கள். சாறாகப் பிழிந்து குடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

முற்றிய பீன்ஸை நார் எடுத்துப் பொரிப்பது

எத்தனை நார் எடுத்தாலும் மெல்லவே முடியாது. முற்றியதை செடியிலேயே காயவிட்டு விதையை உரித்துக்கொள்ளுங்கள். உலர்ந்த விதையை, குறிப்பாகச் சிவப்பு ரகத்தை, குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். இளஞ்சூட்டில் மெதுவாக வேகவைப்பது ஆபத்து. வேகாத விதையில் இருக்கிற லெக்டின் என்ற நச்சுப் புரதம் கொதிநிலையில்தான் அழியும். 10 நிமிடம் தளதளவென்று கொதிப்பது மிகக் குறைந்த அளவு, அரைமணி நேரம் கொதித்தால் நான் நிம்மதியாக இருப்பேன்.

ஓய்ந்த பீன்ஸ் செடியை வேரோடு பிடுங்காதீர்கள். தரையோடு அறுத்துவிட்டால் வேர் மண்ணிலேயே மட்கும்.

கேரட்டைத் தழையோடு வைப்பது

தழை கிழங்கின் நீரை இழுக்கும். பிடுங்கிய அன்றே நறுக்குங்கள்.

கடைசிக் காயை விதைக்கு விடுவது

சமையலுக்கு எடுத்ததுபோக மிஞ்சியதை விதைக்கு என்று ஒதுக்குகிறார்கள். கடைசியாகப் பிடித்த காயில் விதை முற்றுவதற்குள் செடி ஓய்ந்துவிடும். காய்ப்பு நன்றாக இருக்கும்போதே, நோய் தொடாத செடியில், நல்ல காய் ஒன்றைத் தேர்ந்து காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். பறிக்க வருகிற எல்லாரிடமும் அந்த நூலைக் காட்டிச் சொல்லியும் வையுங்கள்.